மாத்தறை வைரம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு எதிரே விரியும் கடற்கரைக்குக் கடல் சீறி அடங்கிய மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும். வெளிர் மணலின் மேல் கரும்பட்டைகள் நீண்டு கிடக்கும். அவற்றின் ஓரங்களில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு செம்மை. எண்ணெய்க் கசிவு என்றும் கப்பலிலிருந்து கொட்டிய கரித்தூள் என்றும் உடன் வருபவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். உண்மையில் அது கடல் புடைத்துப் பிரித்த மணல். முறத்தில் புடைக்கும்போது உமி பறந்து தானியம் தங்குவதைப்போல, அலை பின்வாங்கும்போது எடை குறைந்த வெண்மணலை இழுத்துக்கொண்டு போகிறது. கனமான துகள்கள் கரையிலேயே தங்கிவிடுகின்றன. கறுப்பு இல்மனைட்டும் மேக்னடைட்டும்; செம்மை கார்னெட். மஞ்சள் மணிகளாக மோனசைட் கொஞ்சம். இதில் உள்ள தோரியத்தால்தான் கல்பாக்கம் கரையின் சில திட்டுகளில், அணு உலை வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, இயற்கைக் கதிர்வீச்சு சற்று மிகுந்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் இடையில், ஏறத்தாழ நிறமே அற்ற இன்னொரு துகள் இருக்கிறது. கண்ணுக்கு அது வெறும் மணல்தான். அதன் பெயர் சிர்கான்.

இந்தக் கல்லைத் தேடி அக்கரைக்கு நாங்கள் போனதற்குக் காரணம் எங்கள் ஆயாவின் ஏழு கல் கம்மல். அதைப் பிறகு சொல்கிறோம்.

செங்கல்பட்டில் வசிக்கும், நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அந்தக் கரிய மணலில் ஒரு பிடியை நுண்ணோக்கியின் கீழ் பரப்பிக் காட்டினார். முதலில் காந்தத்தைத் தாளுக்கடியில் நகர்த்தி மேக்னடைட்டை விலக்கினார். எஞ்சியதில் கார்னெட் மாதுளை முத்துகளாக மின்னியது. அவற்றினிடையே முனைகள் மழுங்கிய சிறு தூண்கள் சில தெரிந்தன. நீரைப்போல் தெளிவு, விளிம்பில் மட்டும் அழுத்தமான கருங்கோடு. "ஒளியை அவ்வளவு வளைக்கிறது, அதனாலதான் அந்தக் கோடு" என்றார். ஒவ்வொன்றும் கடுகில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

இந்தத் துகள்கள் வந்த வழி நீளமானது. செங்கல்பட்டு மாவட்டத்துப் பழம்பாறைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட் இனத்தவை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடத்தியிருக்கும் பலகைக்கல்லும் பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் ஒன்றே என்று கண்டு, அந்த இனத்துக்கு 1893இல் சார்னாக்கின் பெயரையே சூட்டியவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட். (நம் ஊர்ப் பாறைக்கு வங்காளத்தில் புதைக்கப்பட்ட ஓர் ஆங்கிலேய வணிகரின் பெயர் அமைந்த கதை தனியே எழுதத் தக்கது.) அந்தப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அந்தக் கணக்கைச் சொல்வதே அதனுள் இருக்கும் சிர்கான்தான். பாறை வெயிலிலும் மழையிலும் நைந்து மண்ணாகிறது, அதன் மற்றக் கனிமங்கள் களிமண்ணாகக் கரைந்துபோகின்றன, சிர்கான் கரைவதில்லை. பாலாறு அதை உருட்டிக்கொண்டு வந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்க்கிறது. அலை திரும்பக் கரையில் கொண்டுவந்து போடுகிறது.

காலத்தைக் கணிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிர்கான் படிகம் உருவாகும்போது தன் அடுக்குகளுக்குள் சிறிதளவு யுரேனியத்தை ஏற்றுக்கொள்கிறது; ஈயத்தை ஏற்பதில்லை. யுரேனியமோ சிதைந்து சிதைந்து இறுதியில் ஈயமாகிறது. ஆகவே ஒரு சிர்கானுக்குள் இன்று காணும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் அதற்குள்ளேயே பிறந்தது. எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்தது என்று அளந்தால் வயது வந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த ஒரு துகளுக்கு 440 கோடி ஆண்டுகள் என்று 2001இல் அறிவித்தார்கள். பூமியின் வயதே சுமார் 454 கோடிதான். மனிதர் கைக்கு எட்டிய பூமிப் பொருட்களில் அதைவிடப் பழையது என்று உறுதியாகச் சொல்லத்தக்க வேறு கனிமம் இல்லை.

இத்தனை பெருமையுடைய கல் நம் நகைக்கடைகளில் படும் பாட்டைப் பாருங்கள். சிர்கான் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுவது கியூபிக் சிர்கோனியா. அது ஆலையில் உருக்கி வார்க்கப்படுவது. சிர்கோனியத்தின் ஆக்சைடு மட்டுமே. சிர்கானில் உள்ள சிலிக்கா அதில் இல்லை. அதைப் பெருமளவில் வளர்க்கும் நுட்பத்தை 1970களில் கண்டறிந்தவர்கள் மாஸ்கோ லெபெதெவ் நிலையத்து விஞ்ஞானிகள். பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஆய்வகத்தில் பிறந்த அந்தக் கல்லுக்கு இந்தியச் சந்தையில் வாய்த்த பெயர் 'அமெரிக்கன் டைமண்ட்'. வரலாறு இப்படியும் சிரிக்கும். இன்னொரு புறம், ராசிக்கல் விற்பவர்கள் கோமேதகத்தைச் சிர்கான் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். நவரத்தினத்துக் கோமேதகமாக இன்று விற்கப்படும் தேன்நிறக் கல் ஹெஸ்ஸனைட். அது கார்னெட் குடும்பம். இரண்டும் இலங்கை ஆற்றுப் படுகைகளில் அருகருகே கிடைப்பதாலும், செம்பழுப்புச் சிர்கான் பார்வைக்கு அதைப்போலவே இருப்பதாலும், ஐரோப்பியரும் ஹயாசிந்த் என்ற ஒரே பெயரால் இரண்டையும் பல காலம் அழைத்தார்கள். ஆக, அசல் சிர்கானுக்குத் தன் பெயரே மிஞ்சவில்லை.

நிறங்களோ ஏராளம். தேன், பொன், ஆரஞ்சு கலந்த சிவப்பு, பழுப்பு, இலைப் பச்சை, நிறமின்மை. பொன்னிறம் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்தே பெயர் பிறந்தது என்பார்கள். கம்போடியாவின் ரத்தனகிரிப் பகுதியில் கிடைக்கும் பழுப்புக் கல்லைக் காற்றுப் புகாத கரியடுப்பில் வைத்துச் சுட்டால் கடல்நீலம் பிறக்கிறது. காற்றுப் பட வைத்துச் சுட்டால் பொன்னிறமோ நிறமின்மையோ. அந்த நீலத்துக்கு 'ஸ்டார்லைட்' என்று பெயர்வைக்க அமெரிக்க இரத்தினவியலாளர் ஜார்ஜ் குன்ஸ் முயன்றார், பெயர் ஒட்டவில்லை. பச்சையின் கதை வேறு. உள்ளே இருக்கும் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதைந்து, அந்தச் சிதைவின் அடிகளால் படிகத்தின் ஒழுங்கே குலைந்துபோன நிலை அது. வெளியே அதே தூண் வடிவம், உள்ளே ஏறக்குறைய கண்ணாடி. அடர்த்தி 4.7இலிருந்து 4க்கு இறங்கியிருக்கும். இலங்கையின் பச்சைச் சிர்கான்களில் பல இவ்வகை. சூடேற்றினால் ஓரளவு பழைய ஒழுங்குக்குத் திரும்புவதும் உண்டு.

நிறமற்றதைத்தான் இலங்கையின் தென்கோடி ஊரான மாத்தறையின் பெயரால் 'மாத்தறை வைரம்' என்று விற்றார்கள். சதுரங்கப்பட்டினமும் மாத்தறையும் ஒரு காலத்தில் ஒரே டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தவை. இரண்டு ஊர்களிலும் அவர்கள் கோட்டை இன்றும் நிற்கிறது.

இனி கம்மல்.

தாத்தா கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். 1950களின் இறுதியில் ஊர் திரும்பியபோது ஆயாவுக்கு அவர் கொண்டுவந்தது ஏழு கல் கம்மல் ஒரு சோடி. வைரம் என்று சொன்னாரா, ஆயா அப்படி எடுத்துக்கொண்டாரா என்பதைச் சொல்ல இப்போது யாரும் இல்லை. முப்பது ஆண்டுகள் அந்த வீட்டில் அது வைரக் கம்மல்தான். தாத்தா வேறு பெரிதாக எதையும் சேர்த்துவைத்தவர் அல்லர். அவருடைய கையாலாகாத்தனத்தை உறவினர்கள் பேசும்போதெல்லாம் ஆயா காதைத் தொட்டுக்கொள்வார், அதுவே பதில்.

1987இல், தாத்தா இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மா அந்தக் கம்மலைச் செங்கல்பட்டில் ஓர் அடகுக் கடைக்கு எடுத்துச் சென்றார். நாங்கள் மூவரும் கூடப் போயிருந்தோம். கடைக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அம்மா, இது வைரம் இல்லீங்க. தங்கத்துக்கு வேணும்னா போட்டுத் தரேன், கல்லுக்கு ஒண்ணும் வராது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா கம்மலை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிவிட்டார். கட்டணம் வேறு வழியில் கட்டப்பட்டது.

மறைக்க வேண்டிய செய்தியை மறைக்கும் வீடு அல்ல எங்களுடையது. மாலைக்குள் ஆயாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அழவில்லை. "அவரையும் எவனோ ஏமாத்திட்டான் போல" என்று ஒருமுறை சொன்னார். சில நாட்கள் கழித்து, "இல்ல, தெரிஞ்சேதான் குடுத்தாரோ" என்றார். அதற்குப் பிறகு கம்மலை அவர் போடவில்லை. காதுத்துளை மூடிவிடாமலிருக்கத் துடைப்பத்து ஈர்க்குச்சியைக் கிள்ளிச் செருகிக்கொண்டார். 1993இல் அவர் இறந்தபோதும் காதில் ஈர்க்குச்சிதான் இருந்தது.

2011இல் அம்மா கம்மலை அக்காவிடம் கொடுத்தார். கல்லை எடுத்துவிட்டுத் தங்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லித்தான் கொடுத்தார். அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. சென்னையில் இரத்தினச் சோதனைக்கூடம் ஒன்றில் கொடுத்துப் பார்த்தோம். பதினான்கு கற்களில் ஒன்று கண்ணாடி; எப்போதோ உதிர்ந்து மாற்றப்பட்டிருக்க வேண்டும். மற்றப் பதின்மூன்றும் இயற்கைச் சிர்கான். எந்த ஊர்க் கல் என்பதை அறிக்கை சொல்லவில்லை.

சோதனை செய்த பெண்மணி பொறுமையாக எல்லாவற்றையும் காட்டினார். உருப்பெருக்கிக்குள் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் அடிப்பக்கப் பட்டைகளின் கோடுகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சிர்கான் தன்னுள் நுழையும் ஒளியை இரு கதிர்களாகப் பிரிக்கிறது, வைரம் பிரிப்பதில்லை. அடகுக் கடைக்காரர் 1987இல் பார்த்ததும் இதைத்தான். விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. முப்பது ஆண்டு அணிந்தாலும் வைரத்துக்கு அப்படி ஆகாது. சிர்கானின் கடினம் ஏழரைதான், அதோடு நொறுங்கும் இயல்பு வேறு. ஆனால் வெள்ளொளியை வண்ணங்களாகச் சிதறடிக்கும் ஆற்றலில் வைரத்தின் அளவு 0.044 என்றால் சிர்கானுக்கு 0.039. இயற்கைக் கற்களில் இவ்வளவு நெருங்கி வருவன மிகச் சில. அதே பருமனுள்ள வைரத்தைவிடச் சிர்கான் எடை மிகுந்தது என்றும் சொன்னார். பிறகு நிறமாலை காட்டும் சிறு குழாய் ஒன்றைக் கொடுத்துக் கல்லினூடே பார்க்கச் சொன்னார். வானவில்லின் சிவப்புப் பகுதியில் மயிரிழை போன்ற ஒரு கருங்கோடு. அது யுரேனியத்தின் கையெழுத்து. அளவு மிகச் சிறிது, அணிவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று உடனே சேர்த்துச் சொன்னார். ஆயாவின் காதில் முப்பது ஆண்டு யுரேனியம் இருந்தது என்ற எண்ணம் எங்களைச் சற்று நேரம் பேசாமலிருக்கச் செய்தது.

அன்று முதல்தான் இந்தக் கல்லைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினோம். படித்ததில் எங்களை மிகவும் நிறுத்தியது ஓர் ஆண்டு: 1789. பெர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத் என்னும் வேதியியலாளர் இலங்கையிலிருந்து வந்த ஒரு சிர்கானைப் பகுத்து, அதுவரை அறியப்படாத ஒரு தனிமத்தின் ஆக்சைடு அதில் இருப்பதைக் கண்டார். சிர்கோனியம் அப்படித்தான் அறிமுகமாயிற்று. அதே ஆண்டு, அதே மனிதர், வேறொரு கனிமத்திலிருந்து இன்னொரு தனிமத்தைக் கண்டறிந்தார். அது யுரேனியம். ஒன்று மற்றொன்றை எப்போதும் தன்னுள் சுமப்பது என்பதோ, இரண்டும் பின்னாளில் கல்பாக்கத்தில் ஒரே குழாய்க்குள் சந்திக்கும் என்பதோ அவர் அறிய வாய்ப்பில்லை.

அந்தச் சந்திப்பு சுவையானது. அணு உலையில் யுரேனிய வில்லைகளை ஏதேனும் ஓர் உலோகக் குழாயில் அடைத்தாக வேண்டும். அந்த உலோகம் சூட்டையும் நீரையும் தாங்க வேண்டும். அதைவிட முக்கியமாக நியூட்ரான்களை விழுங்கக் கூடாது. சிர்கோனியம் அப்படிப்பட்டது. ஆனால் சிர்கானுக்குள் அதன் இரட்டைப் பிறவியாக ஹாஃப்னியம் ஒளிந்திருக்கிறது. வேதியியல் குணங்களில் இரண்டையும் பிரித்தறிவது அவ்வளவு கடினமென்பதால் 1923 வரை ஹாஃப்னியம் இருப்பதே தெரியவில்லை. கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் சிர்கானை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து கண்டார்கள். அது நியூட்ரானைச் சிர்கோனியத்தைவிடச் சுமார் 600 மடங்கு விழுங்கும். அதை நீக்கிய பிறகே உலோகம் உலைக்கு உதவும். நம் நாட்டில் இந்த வேலை ஐதராபாத்தின் அணு எரிபொருள் வளாகத்தில் நடைபெறுகிறது. தூத்துக்குடி அருகே பழையகாயலில் 2009இல் தொடங்கிய சிர்கோனிய ஆலையும் அதன் கிளைதான். மூலப்பொருள் மணவாளக்குறிச்சி போன்ற கரைகளின் மணல். எங்கள் கரையின் சிர்கான் யார் கவனத்தையும் ஈர்க்கும் அளவு இல்லை. அதுவும் நல்லதற்கே. தென்மாவட்டக் கரைகளில் தாது மணல் அள்ளியது 2013இல் அரசின் தடை வரை போனதையும், 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டதையும் வாசகர்கள் அறிவார்கள்.

கல்பாக்கத்தில் 1984இலும் 1986இலும் வணிகமுறையில் மின்னளிக்கத் தொடங்கிய இரு உலைகளிலும் 306 கால்வாய்கள். ஒவ்வொன்றிலும் 12 எரிபொருள் கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் 19 குழாய்கள். பெருக்கினால் ஓர் உலைக்கு எழுபதாயிரத்துக்கு இருநூற்றுச் சொச்சம் குறைவு. அத்தனையும் சிர்கோனியக் கலவை. கோட்டைக்கு எதிரே நின்று வடக்கே பார்த்தால் அந்த வளாகம் தெரியும். காலடியில் யுரேனியத்தை உள்ளே பூட்டிய சிர்கான், அங்கே யுரேனியத்தைச் சுற்றிப் பூட்டிய சிர்கோனியம்.

பூட்டு எல்லாச் சூட்டிலும் தாங்காது என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்நீர் நின்று குழாய்கள் மிகையாகச் சூடேறினால் சிர்கோனியம் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் கட்டடங்களை வெடிக்கவைத்தது அந்த ஹைட்ரஜன்தான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்பாக்கத்தின் கடல்நீர் இறைக்கும் கிணற்றுக்குள் புகுந்தபோது இரண்டாம் உலை மட்டுமே இயங்கிக்கொண்டிருந்தது. அது பத்திரமாக நிறுத்தப்பட்டது. குடியிருப்பும் அண்டைக் குப்பங்களும் உயிர்களை இழந்தன. அன்றைய அலை புடைத்துப் போட்ட கரிய மணல் பல இடங்களில் வழக்கத்தைவிடத் தடித்துக் கிடந்தது.

இந்தக் கனிமத்துக்கு உலகில் மிகுதியான வேலை உலையில் இல்லை, ஓட்டில்தான். பீங்கான் ஓடுகளுக்கும் கழிப்பறைக் கோப்பைகளுக்கும் பூசும் மெருகில் சிர்கான் பொடியைக் கலக்கிறார்கள். ஒளியைக் கடுமையாக வளைத்துச் சிதறடிப்பதால் அடியிலுள்ள மண்ணின் நிறம் தெரியாமல் பால்வெண்மை கிடைக்கிறது. கம்மலில் வைரமாகத் தோன்றச் செய்த அதே குணம். வார்ப்புத் தொழிலில், உருகிய இரும்பை ஊற்றும் அச்சுக்கு இந்த மணல் உகந்தது. சூட்டில் அதிகம் விரியாது, உலோகத்தோடு ஒட்டாது. பல் மருத்துவர் பொருத்தும் வெண்பல் உறையும், வாகனப் புகையில் ஆக்சிஜனை அளக்கும் உணரியும் இதன் ஆக்சைடால் ஆனவை. அம்மாவுக்குச் சென்ற ஆண்டு இரண்டு பல் கட்டியபோது மருத்துவர் "சிர்கோனியா போட்டிருக்கேம்மா, உடையாது" என்றாராம். அம்மா வந்து எங்களிடம், "உங்க ஆயா கல்லுதானாம்டா" என்றார்.

கம்மல் இப்போது அக்காவிடம். கண்ணாடிக் கல்லை எடுத்துவிட்டு இலங்கைச் சிர்கான் ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்தியிருக்கிறார். விலை, அதைப் பதித்த கூலியைவிடச் சற்றே கூடுதல். இரண்டையும் தனித்தனித் தாளில் சுற்றி வைக்கிறார். சிர்கான்கள் ஒன்றோடொன்று உரசினாலே விளிம்பு உதிரும் என்பது கல் வணிகர்களின் பழைய பாடம். திருமண வீடுகளில் யாரேனும் "வைரமா?" என்று கேட்டால், "இல்லைங்க, சிர்கான்" என்கிறார். "ஓ, அமெரிக்கன் டைமண்டா?" என்று அடுத்த கேள்வி தவறாமல் வருகிறது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கிவிடுவார்.